முதலாளி வைக்கும் கடைசி டைட்டு

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் கூட்டு ரோடு வரைக்கும் எந்த ஷெட்டில் போய்க் கேட்டாலும் என் கையைப் பற்றிச் சொல்வார்கள். அந்த ஆள் கை வைத்து டைட் பண்ணினால் ஒரு சொட்டு ஒழுகாது என்பார்கள். நான் சொல்லிக்கொண்டதில்லை, ஊர்தான் சொன்னது. சரி, நானும் சொல்லிக்கொண்டேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரி கிளீனராக ஏறியவன். ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கக் கற்று, அதிலிருந்து இன்ஜின் வேலைக்கு வந்து, இன்றைக்குச் சொந்த ஷெட், இரண்டு லிஃப்ட், கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ், அதில் ஏசி என்று நிற்கிறேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்த ஏசியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி என் ஷெட்டை விட்டுப் போனாலும், சாவி கொடுப்பதற்கு முன்னால் நானே பானட்டைத் திறப்பேன். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பெரிய ரப்பர் ஹோஸ் ஒன்று போகும். சூடான கூலன்ட் தண்ணீர் அதற்குள்தான் சுற்றிவரும். அந்த ஹோஸை ஒரு இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், அதற்குக் கிளிப் என்று பெயர். அந்தக் கிளிப்பின் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்து, என் மணிக்கட்டு போதும் என்று சொல்கிற வரைக்கும் ஒரு திருப்பு. அவ்வளவுதான். ‘முதலாளி வைக்கும் கடைசி டைட்டு’ என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. வண்டிக்காரர்கள் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். சிலர் செல்போனில் படம்கூடப் பிடிப்பார்கள். அதற்கப்புறம் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரரை எதிர் டீக்கடைக்கு அழைத்துப்போய், என் செலவில் ஒரு டீ, என் பழைய கதையில் ஒன்று. திரும்பி வந்து சாவி.

இது லாரி நாளில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்த லாரிகளில் ஹோஸ் போய் உட்காரும் கழுத்து வார்ப்பிரும்பு. கழுத்து என்று நாங்கள் சொல்வது இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனையை. அந்த இரும்பு மேல் எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர்தான் நசுங்கும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக முறுக்கினவன்தான் நல்ல மெக்கானிக். நான் எல்லோரையும் விட நன்றாக முறுக்கினேன்.

என்னிடம் பெரிய வேலைகளை எல்லாம் பார்த்தவன் ஒரு தெற்கத்திப் பையன். பையன் என்று என் வாய் சொல்லுமே தவிர, முப்பது தாண்டிய ஆள், கல்யாணம் ஆனவன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி லைனில் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் என்னிடம் வந்தான். வரும்போதே கையில் ஒரு நீளப் பெட்டி. அதற்குள் டார்க் ரெஞ்ச். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துத் திருப்பினால், அந்த அளவு வந்ததும் டொக் என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் திருப்பக் கூடாது. சொந்தக் காசில் வாங்கியது. யாரையும் தொட விடமாட்டான். டொக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனா ஒன்றை எடுத்து, திருகின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுப்பான்.

“இன்னாடா, வண்டிக்குப் பொட்டு வெக்கிறியா?” என்று நான் கேட்பேன்.

“ஆமா மொதலாளி, கண்ணு பட்டுரக் கூடாதுல்லா” என்பான்.

நானும் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். கம்பெனிக்காரன் பழக்கம், கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன். அந்தக் கோடு எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

ஒரகடத்தில் மரப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றை நடத்துகிற மேடம் ஒருத்தர் எனக்கு வாடிக்கை. வெளிநாட்டுக்குப் போகும் மெஷின்களை வைத்து அனுப்புகிற பெட்டிகள். அவரிடம் ஒரு வண்டி இருக்கிறது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உயரம், டர்போ வைத்த இன்ஜின். வாரக் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஓட்டுவார். சாதாரணமாகப் பேசினால் குரல் கேட்காது, அப்படி ஒரு மெதுவான ஆள். ஸ்டீயரிங் பிடித்தால் வேறு ஆள்.

அந்த வண்டியில் கூலன்ட் குறைகிறது என்று விளக்கு எரிந்து ஷெட்டுக்கு வந்தது. தெற்கத்தியான் கைப்பம்பை கூலன்ட் டேங்கின் வாயில் மாட்டிக் காற்றடித்தான். பம்பின் மீட்டரில் முள் மேலே போய், நிற்காமல் மெல்ல இறங்கியது. எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். தடவிப் பார்த்து, பழைய ஹோஸ் ஊறி உப்பிப்போயிருந்ததைக் கண்டுபிடித்தான். புது ஹோஸ், புதுக் கிளிப். மறுபடி காற்றடித்து முள் அசையாமல் நிற்கிறதா பார்த்தான். வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தான். டொக். மஞ்சள் கோடு. சுத்தமான வேலை. அன்றைக்கும் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேடம் எடுக்க வந்த அன்று அவசரத்தில் இருந்தார். வண்டியை கேட் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

“டீ வேணாம் அங்கிள். டிராக்ல எனக்கு டைம் குடுத்திருக்காங்க, லேட்டா போனா போச்சு.”

“டீ குடிக்காம போலாம் மேடம். என் கை படாம வண்டி போவாது” என்று சொல்லிவிட்டு கேட்டிலேயே பானட்டைத் திறந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பார்க்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் கை கொஞ்சம் கூடத்தான் போகும். திருப்பினேன்.

தெற்கத்தியான் ஷெட்டுக்குள்ளிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். “மேடம், ஒரே நிமிசம். நான் ஒரு தடவ பாத்துட்டுத் தந்துருதேன்.”

“நானே பாத்துட்டேன். அதுக்கு மேல நீ இன்னா பாக்கப் போற?” என்றேன்.

மேடம் சிரித்தார். அவன் பானட் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி நின்றான். கையை எடு என்று சைகை காட்டி, நான்தான் பானட்டைச் சாத்தினேன். அந்தக் கை அங்கே நின்ற விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. குழந்தை ரோட்டில் இறங்கும்போது பின்னாலிருந்து சட்டையைப் பிடிக்கப் போவார்களே, அந்த மாதிரி.

மதியம் வண்டி திரும்பி வந்தது, ரெக்கவரி லாரி மேல். டிராக்கில் நல்ல வேகத்தில் போகும்போது முன்னால் வெள்ளைப் புகை கிளம்பியிருக்கிறது. கூலன்ட் பீய்ச்சி, வளைவில் அவருடைய டயருக்கு அடியிலேயே போய், வண்டியின் பின்பக்கம் வழுக்கியிருக்கிறது. கை தேர்ந்த வண்டிக்காரி, பிடித்து நிறுத்திவிட்டார். உடனே இன்ஜினையும் அணைத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிராக்கில் எல்லா வண்டியையும் நிறுத்தி, தரையைத் துடைத்து, இது எந்த ஷெட்டில் பார்த்த வண்டி என்று கேட்டிருக்கிறார்கள்.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “உங்க கைய நம்பித்தான் அங்கிள் நான் அவ்ளோ வேகம் போறேன்” என்றார், அந்த மெல்லிய குரலில்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. தெற்கத்தியானைக் கூப்பிட்டேன். ஷெட்டே பார்க்க, லாரி டிரைவர் பார்க்க, மேடம் பார்க்க, வாய்க்கு வந்ததைப் பேசினேன். கம்பெனியில் இதைத்தான் கற்றுக்கொடுத்தானா, ஒரு கிளிப் மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா பெட்டி, எதுக்குடா டொக்கு.

“மொதலாளி, தனியா பேசுவோமா” என்றான்.

“இன்னாத்துக்குத் தனியா? தப்பு பண்ணது எல்லார் எதிர்லயும், பேசறது மட்டும் தனியாவா? இங்கியே சொல்லு.”

அவன் மேடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையைக் கழுவி, நீளப் பெட்டியை எடுத்து பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் அதோடு விட்டேனா? இந்தப் பக்கத்து ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். எனக்கு டைப் அடிக்க வராது, எல்லாம் வாய்ஸ்தான். மேடம் கிளம்பின கையோடு போனைத் தூக்கி ஒரு வாய்ஸ் போட்டேன். இந்த மாதிரி ஒரு ஆள், தெற்கத்தியான், பெட்டியோடு வருவான், கூலன்ட் வேலையில் பொம்பளை உயிருக்கு உலை வைக்கப் பார்த்தான், எவனும் சேர்த்துக்காதே. போட்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதையும் எழுதத்தான் வேண்டும், லேசானது.

மறுநாள் அந்த வண்டியை நானே எடுத்தேன். அவன் எங்கே கோட்டைவிட்டான் என்பதைக் கையில் பிடித்து, போட்டோ எடுத்து, அதையும் குரூப்பில் போட வேண்டும் என்று வெறி. வண்டிக்கு அடியில் இருந்த தட்டைக் கழற்றினேன். டேங்கில் கூலன்ட் ஊற்றி, அதோடு சாயத்தைக் கலந்து, இன்ஜினைச் சூடாக ஓட விட்டேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத கசிவு கூட நீல விளக்கில் பச்சையாக மின்னும், அதற்குத்தான் அந்தச் சாயம். பகல் வெளிச்சத்தில் தெரியாது என்று பானட்டின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, நான் மட்டும் உள்ளே தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே வேக்காடு, கூலன்ட்டின் தித்திப்பு வாசனை. விளக்கை கீழே அடித்தேன், பச்சை. மேலே ஏற்றிக்கொண்டே வந்தேன். பச்சைக் கோடு ஹோஸின் அடியில் போய் நின்றது. புதுக் கிளிப்புக்குக் கீழே.

ஆறவைத்து, கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவினேன். இந்த வண்டியில் கழுத்து இரும்பில்லை, கறுப்பு பிளாஸ்டிக். சரியாக கிளிப் திருகு அழுத்தின இடத்தில், தலைமுடி கணக்காக ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொள்ளும், கைப்பம்பு வைத்தாலும் முள் இறங்காது. சூடேறி அழுத்தம் கூடினால்தான் திறக்கும். அளவுக்கு மேல் முறுக்கினதால் வந்த விரிசல். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது எனக்கு. அதில் எல்லாம் நான் கெட்டிக்காரன்.

வண்டி கழுவுகிற அம்மா பக்கத்தில் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளூர்க்காரி, எனக்குத் தூரத்து உறவில் தங்கச்சி முறை. அண்ணே அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவாள்.

“பாத்தியா? முறுக்கி முறுக்கி ஒடச்சி வெச்சிக்கிறான்” என்று அவளிடம் காட்டினேன்.

அவள் விரிசலைப் பார்க்கவில்லை. என் இன்னொரு கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தாள். “கயட்டறதுக்கு முன்ன கோடு சேந்து இருந்துச்சா?”

“எந்தக் கோடு?”

“மஞ்சக் கோடுண்ணே. திருகுல பாதி, பட்டையில பாதி.”

கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தேன், குரூப்பில் போட. போனைத் திறந்து பெரிதாக்கினோம். திருகின் தலையில் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம், பட்டையில் இருந்த பாதி இன்னொரு பக்கம். கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் மாதிரி.

“சேரலியே” என்றேன்.

“சேரலன்னா அவன் வெச்சதுக்கு அப்பாலிக்கா யாரோ திருப்பிகீறாங்கன்னு அர்த்தம். அதுக்குத்தானே கோடு போடறான். உனுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. வண்டி கழுவுகிறவளுக்குத் தெரிந்திருந்தது.

“அப்பாலிக்கா யார் திருப்பினது?” என்று கேட்டேன். வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து முடிவதற்குள்ளேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் விடவில்லை.

“யாரா? கேட்டாண்ட வெச்சி நீதானே திருப்பின. எப்பவும் நீதானே திருப்புற. நீ திருப்பிட்டு டீ குடிக்கப் போவ. அவன் வந்து பதவிசா பின்னாடி திருப்பி கோட்டைச் சேத்து வுடுவான். அன்னிக்கு அந்தம்மா டீ வேணான்னுச்சு. அவன் இன்னா பண்ணுவான்?”

“எப்பவும்னா?”

“வந்ததுலேர்ந்துண்ணே. அவன் லீவு போட்டா நம்ம ஷெட்டு பெயின்ட்டுக்காரன் சேத்து வுடுவான். ஒருநா ரெண்டு பேரும் இல்ல, நான் சேத்தேன். கோட்டைப் பாத்துத் திருப்பறதுல இன்னா கீது.”

நான் தார்ப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டேன். பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை. விளக்கைக்கூட அணைத்துவிட்டேன். வெளியே பைப்பிலிருந்து தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எத்தனை பேரிடம் அந்தக் கையைக் காட்டியிருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மணிக்கட்டுக்குள் மீட்டர் இருக்கிறது சார் என்று சொல்லியிருக்கிறேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் ஷெட்டில் ஒருத்தன் நான் செய்ததை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஷெட்டு முழுக்கத் தெரிந்திருக்கிறது. யாரும் வெளியே சொல்லவில்லை. தெரியாத்தனமாகச் சேற்றில் விழுந்த பெரியவரை ஊர் பார்க்காத மாதிரி எழுப்பி விடுவார்களே, அப்படி என்னைத் தினம் எழுப்பி விட்டிருக்கிறார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள் எழுப்ப முடியாமல் போனதற்கு அவனை ஊர் பார்க்கத் திட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அங்கே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தான். ஷிப்ட் விட்ட நேரம், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க மொதலாளி” என்றான். நாற்காலியை எடுத்துப் போட்டான். உட்காராமல் நின்றேன்.

“கோட்டைப் பாத்தேன்” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லி இருக்கலாமேடா.”

“சொன்னேன் மொதலாளி. வந்த புதுசுல சொன்னேன். ‘நீ பொறக்கறதுக்கு முன்னாடியே’ன்னு ஆரம்பிச்சிய. அது முடிய அரை மணி நேரம் ஆச்சு. கிளிப்ப லூஸ் பண்ண அரை நிமிசம். எது லாபம், சொல்லுங்க.”

உள்ளே அவன் பெண்சாதி சிரிப்பை அடக்கினாள். எனக்குக் கேட்டது.

“கேட்ல, அந்தம்மா எதிர்ல சொல்லி இருக்கலாம். நேத்து அவ்ளோ திட்டினேன், அப்பவாச்சும்.”

“தனியா பேசுவோம்னேனே. நீங்கதான் வேண்டாம்னிய.” செயினை ஒரு சுற்றுச் சுற்றினான். “மேடம் முன்னால அத எப்படி மொதலாளி சொல்ல? உங்க வயசு என்ன.”

நாளைக்கு வேலைக்கு வா என்றேன். கூலி ஏற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் போனை எடுத்தான்.

“காலையில இருங்காட்டுக்கோட்டை போனேன். ரெண்டு ஷெட்டுல கேட்டேன். மொத ஷெட்டுல பெட்டியப் பாத்ததுமே சிரிச்சாவ. ரெண்டாவது ஷெட்டுல ஒரு அண்ணாச்சி, நல்ல மனுசன், எதுக்கு வேண்டாங்கோம்னு இத எனக்கு அனுப்பிட்டாவ. கேளுங்க.”

அமுக்கினான். என் குரல் வந்தது.

என் குரலை நான் அப்படி வெளியிலிருந்து கேட்டதே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, நான் எப்பேர்ப்பட்டவன் என்பதில் ஆரம்பிக்கிறது. அவனைப் பற்றிச் சொல்ல வருவதற்கே நேரமாகிறது. அதற்குப் பிறகு அந்த வார்த்தைகள். மாவு கரைக்கிற சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வாய்ஸ் முடியும் வரைக்கும் அவன் போனை எனக்கு நேராகப் பிடித்திருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“வேலைக்கு வாரேன்” என்றான். “கூலி நீங்க தாறது தாங்க. ஆனா இது அந்த குரூப்ல கெடக்கற வரைக்கும், இந்த ரோட்டுல நான் கூலன்ட் வேலை தெரியாதவன். நாளைக்கு உங்க கிட்ட வேலை இல்லன்னா எங்கயும் இல்ல. நீங்க எந்த வாயால போட்டியளோ அதே வாயால இன்னொண்ணு போடுங்க. நான் எழுதித் தரமாட்டேன்.”

சரி என்று போனை எடுத்தேன். என் ஆயுசில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. முதல் தடவை அழுத்தி, “அண்ணமாருங்களே, என் அனுபவத்துக்கு” என்று ஆரம்பித்தேன். அவன் பார்த்தான். அழித்துவிட்டேன். இரண்டாவது தடவை, “இந்தக் காலத்து பிளாஸ்டிக் இருக்குதே, அது ஒரு” என்று போனது.

“பிளாஸ்டிக் என்ன செஞ்சுது?” என்றாள் உள்ளிருந்து அவன் பெண்சாதி. முதல்முறையாக அன்றைக்கு அவள் பேசியது. அதையும் அழித்தேன்.

கடைசியில் போனது இதுதான்: நேத்து அந்தப் பையனைப் பத்தி நான் சொன்னது பொய். அவன் வேலை சரியா இருந்துச்சு. அவன் வெச்ச அளவுக்கு மேல நான் திருப்பினேன், அதுல ஒடஞ்சிடுச்சு. இவ்ளோ நாளா நான் திருப்பினதை எல்லாம் அவன்தான் சரி பண்ணிகினு இருந்தான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

அனுப்பிவிட்டேன். ஒவ்வொருத்தராகக் கேட்டுவிட்டார்கள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு படப்பைப் பக்கத்து ஷெட்டுக்காரர் ஒருவர், எனக்குத் தம்பி மாதிரி, ஒரு வாய்ஸ் போட்டார். “அண்ணே, அப்ப என் காருக்குப் போன மாசம் வெச்சியே ஒரு டைட்டு, அது உன்னுதா அவனுதா? நான் நிம்மதியா தூங்கணும், சொல்லிடு.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். தெற்கத்தியான் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் சிரிப்பு வந்திருக்கும். அவன் பெண்சாதி காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். ருசி ஞாபகம் இல்லை.

மேடத்துக்கும் போன் பண்ணிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “சொன்னதுக்கு தேங்க்ஸ் அங்கிள். வண்டிய அவரே பாக்கட்டும். அவர் மட்டும்” என்றார். மட்டும் என்பதை அழுத்திக்கூடச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் சீக்கிரம் அணைத்ததால் இன்ஜினுக்குச் சேதம் இல்லை. பிளாஸ்டிக் கழுத்தை எடுத்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று வரவழைத்து மாட்டினான். காற்றடித்தான், ஓட்டினான், சூட்டில் பார்த்தான். டொக். மஞ்சள் கோடு. நான் ஆபீசுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியை நான் போட்டது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்க்கிறதுக்காக.

மேடம் வந்தார். பில் முடிந்தது. பானட் திறந்தே இருந்தது. எல்லோரும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அங்கங்கே நின்றார்கள். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துண்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அங்கிள், நீங்க ஒண்ணும் டைட் பண்ணலையா?” என்றார் மேடம். கிண்டலா, பாவம் பார்த்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் தெற்கத்தியான் டிக்கியிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்து வந்தான். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுப்பதற்கான கொக்கி. டிராக்கில் இறங்குகிற வண்டி எதுவும் அதை முன்னால் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

“இத நீங்க மாட்டுங்க மொதலாளி. முழு இரும்பு. எவ்வளவு வேணாலும் முறுக்குங்க.”

எல்லார் எதிரிலும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. முன் பம்பரில் இருந்த துளையில் வைத்துத் திருகி, வளையத்துக்குள் வீல் ஸ்பேனரை நுழைத்து, மணிக்கட்டு போதும் என்கிற வரைக்கும் முறுக்கினேன். அவன் குனிந்து அதற்கும் ஒரு மஞ்சள் கோடு போட்டான். மேடம் டிராக்குக்குப் போனார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வண்டி தன் காலிலேயே திரும்பி வந்தது. சூட்டில் கழுத்தைத் தடவிப் பார்த்தான், ஈரமே இல்லை. கோடு சேர்ந்திருந்தது. மேடம் கொக்கியைக் கழற்றித் தரச் சொன்னார், ரோட்டில் போகும்போது அது நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தெற்கத்தியான் ஸ்பேனரை நுழைத்துத் திருப்பினான். அசையவில்லை. பெயின்ட்டுக்காரன் வந்து கூடப் பிடித்தான். அசையவில்லை. கழுவுகிற அம்மா ஷெட்டின் மூலையிலிருந்து நீளமான இரும்புப் பைப் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள், ஸ்பேனரின் முனையில் சொருகி நெம்புவதற்கு. வரும்போது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

“மேடம், வாங்க, எதிர்ல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்” என்றேன்.

ரோட்டைத் தாண்டிப் போய், ஷெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கதை ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இரும்பு கிறீச்சென்று விட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் டீயை மெதுவாகவே குடித்தேன்.